கண்ணீர்க் குப்பியும் மற்றச் சிறு கண்ணாடிகளும்

மேல்நாட்டுப் பழம்பொருள் அங்காடிகளில், சுட்டுவிரல் நீளமும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட சிறு கண்ணாடிக் குப்பிகளுக்குக் 'கண்ணீர்க் குப்பிகள்' என்று பெயர் சூட்டி விற்பது நெடுநாளைய வழக்கம். கணவனைப் போர்க்களத்தில் பறிகொடுத்த மனைவி தன் கண்ணீரை அதில் ஏந்தி வைத்தாள் என்றும், அந்த நீர் வற்றும் நாளே அவளுடைய துக்க காலம் முடியும் நாள் என்றும், விக்டோரியா ராணியின் காலத்தையும் அமெரிக்க உள்நாட்டுப் போரையும் சேர்த்து அவற்றைப் பற்றி ஒரு கதை சொல்லப்படும். ரோமானியரின் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட நீண்ட கழுத்துக் குப்பிகளுக்கும் முற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இதே பெயரைத்தான் இட்டிருந்தார்கள். கேட்பவர் நெஞ்சை உருக்கும் கதை. ஆயினும் அதற்கு ஆதாரம் இல்லை. கல்லறைக் குப்பிகள் வாசனைத் தைலமும் களிம்பும் அடைத்து வைக்கப்பட்டவை. கி.மு. முதல் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனக் கரையோரத்தில் குழலால் ஊதிக் கண்ணாடி செய்யும் வித்தை தோன்றிப் பரவியதும், அதுவரை செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த கண்ணாடி சாமானியர் கைக்கும் எட்டியது. உயிரோடு இருப்பவர் மேனிக்குப் பூசிய தைலத்தை இறந்தவருடனும் வைத்து அனுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டுக் குப்பிகளோ, அத்தரும் பூந்தைலமும் சில துளிகள் நிரப்பி விற்கப்பட்டு, தீர்ந்ததும் எறியப்படுவதற்கென்றே செய்யப்பட்ட மலிவுச் சரக்குகள்.

இந்த ஒரு குப்பியின் சரித்திரத்தில், பழைய சிறு கண்ணாடிப் பொருள்கள் அனைத்தையும் பற்றிய ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பெரிய பாத்திரம் தன் பிரயோஜனத்தைத் தன் உருவத்திலேயே சொல்லிக்கொண்டிருக்கும். நூறு ஆண்டு கழித்துப் பார்ப்பவனும் ஜாடியை ஜாடி என்றும் தட்டைத் தட்டு என்றும் அறிவான். சிறு பாத்திரமோ பெரும்பாலும் ஒரே ஒரு பழக்கத்துக்காக, ஒரு காலத்தவரின் ஒரே ஒரு சௌகரியத்துக்காகப் பிறந்தது. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையில் மறைந்துவிடுகிறது. கண்ணாடி, உடையாத வரையில், அழிவதில்லை. பழக்கம் மறைந்து பாத்திரம் எஞ்சி நிற்கும் அந்த வெற்றிடத்தில்தான் கற்பனை வந்து குடியேறுகிறது. கற்பனை சொல்லும் உபயோகத்தைவிட உண்மையான உபயோகம் எளியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே நம்முடைய மரியாதைக்கு மேலும் உரியது என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த உபயோகத்தையும் காலத்தையும் கண்டறியும் நெறியைச் சற்று விரிவாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் பொருள்களை அறியும் அளவைகளைக் குறித்துப் பேசுமிடத்து, பலரும் பலவாக எண்ணும் அளவைகளெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிவு கட்டுகிறார். பதியையும் பாசத்தையும் ஆராய ஏற்பட்ட அந்த நெறியை ஓர் உப்புக் கிண்ணத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துவது தகுமா என்று சிலர் கேட்கலாம். அறிவின் வழிகள் பொருளின் பெருமை சிறுமையைப் பொறுத்து மாறுவதில்லை. கண்ணாலும் கையாலும் அறிவது காண்டல். அறிந்ததிலிருந்து அறியாததை ஊகித்துப் பெறுவது கருதல். அறிந்தோர் சொல்லையும் எழுத்தையும் நம்பிப் பெறுவது உரை. கண்ணீர்க் குப்பியை விலைக்கு வாங்குகிறவர் மூன்றாவதை மட்டும், அதுவும் பரீட்சிக்கப்படாத மூன்றாவதை, முதலில் வைத்துவிடுகிறார். முறை அதுவன்று. முதலில் காண வேண்டும்.

காண்பதற்குத் தொடங்குமிடம் பொருளின் அடிப்பாகம். குழலின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து ஊதி உருவம் கொடுத்த தொழிலாளி, அதன் வாயைச் செப்பனிட வேண்டுமானால் குழலிலிருந்து அதை விடுவிக்க வேண்டும். விடுவிக்கும்போது பிடித்துக்கொள்வதற்காக, அடியின் மத்தியில் ஓர் இரும்புக் கோலைச் சிறிது உருகிய கண்ணாடியால் ஒட்டிக்கொள்வான். வேலை முடிந்ததும் கோலைத் தட்டி எடுக்கையில் அங்கே ஒரு சொரசொரப்பான வடு நிற்கும். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் செய்யப்பட்ட மதுக் கிண்ணங்களின் பாதத்தில் இந்த வடு அப்படியே விடப்பட்டிருக்கும். அது மேசையில் உராயாமலிருக்கவே பாதத்தை நடுவில் சற்றுக் குவித்து உயர்த்தினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் உயர்ந்த சரக்குகளில் வடுவைச் சாணை பிடித்து வழவழப்பாக்கும் வழக்கம் பரவிற்று; விரலை வைத்தால் ஒரு சிறு குழிவாக அது தெரியும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், அடியைக் கவ்விப் பிடிக்கும் பிடிகருவி வந்தபின், சாதாரணப் புட்டிகளிலிருந்து வடு மறைந்தே போயிற்று.

அடியை அடுத்து நோக்க வேண்டியது பக்கவாட்டில் ஓடும் கோடு. இரு பாதிகளாகப் பிளந்த அச்சுக்குள் ஊதிச் செய்த புட்டியில், அப்பாதிகள் பொருந்திய இடத்தில் ஒரு மெல்லிய கோடு மேல்நோக்கி ஏறும். வாயைக் கையால் தனியாகச் செய்து முடித்த காலத்துப் புட்டியில் அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரத்தில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய தானியங்கி இயந்திரம், உடலையும் வாயையும் ஒரே மூச்சில் செய்து தள்ளியது. ஆகவே இயந்திரப் புட்டியில் கோடு வாயின் விளிம்பு வரை ஏறிச் செல்லும். பழைய மருந்துப் புட்டிகளையும் மைப் புட்டிகளையும் வரிசையாக வைத்து இந்த ஒரு கோட்டை மட்டும் விரலால் தொடர்ந்து பார்த்தால், கைத்தொழில் ஓய்ந்து யந்திரம் வந்த காலத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுகொள்ளலாம். அச்சுக்குள் வைத்துச் சுழற்றிய சில வகைப் புட்டிகளில் கோடே இராது என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

மூன்றாவதாக எடையும் ஓசையும். 1674இல் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் புதுவிதக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தவை நாளடைவில் நுண்ணிய விரிசல்கள் ஓடி மங்கிப் போக, ஈயத்தின் ஆக்சைடை அதிகமாகச் சேர்த்து அக்குறையைச் சில ஆண்டுகளில் தீர்த்தார். அன்று முதல் ஆங்கிலக் கண்ணாடி கனமும் பளபளப்பும் பெற்றது. நகத்தால் சுண்டினால் மணியோசைபோல் நீளும் நாதமும் பெற்றது. சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்த கண்ணாடி லேசானது. அதன் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அமெரிக்காவில் 1864ஐ ஒட்டி, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் வில்லியம் லெய்ட்டன் மலிவான சோடாக் கலவை ஒன்றைச் செப்பம் செய்த பிறகு, அச்சில் அழுத்திச் செய்யும் சாமான்களிலிருந்து ஈயம் விரைவில் விலகியது. ஆகையால் அந்நாட்டு அழுத்து கண்ணாடியில் மணியோசை கேட்டால், அது பெரும்பாலும் அந்தப் பத்தாண்டுக்கு முந்தியது என்று கொள்ளலாம். ஆனால் கிண்ணத்தின் வடிவமும் ஓசையை மாற்றும். தடித்த சிறு கிண்ணம் ஈயக் கண்ணாடியாயினும் பாடாது. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதற்கு இது போதும்.

நிறமும் சாட்சி சொல்லும். மணலில் கலந்துள்ள இரும்பினால் கண்ணாடிக்கு ஏறும் பச்சையைப் போக்க மாங்கனீஸ் சேர்த்தார்கள். அப்படிச் செய்த தெளிந்த கண்ணாடி நெடுங்காலம் வெயிலில் கிடந்தால் இளம் ஊதா நிறம் கொள்ளும். முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பின் அந்த வேலைக்குச் செலினியம் வந்துவிட்டதால், அமெரிக்கப் பாலைவன மண்ணில் ஊதா பாய்ந்து கிடைக்கும் புட்டி பொதுவாக அதற்கு முந்தியது. யுரேனியம் சேர்ந்த மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடியை 1830களில் பொஹீமியாவில் ஜோசப் ரீடல் பிரபலமாக்கினார். இருட்டில் புற ஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் பசுமையாக ஒளிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் அரசாங்கங்களின் கட்டுப்பாட்டுக்குள் போனதால் இடையில் அந்தத் தொழில் அற்றுப் பின்னர் மீண்டும் சிறிதளவு துளிர்த்தது. எனவே பச்சை ஒளி பெரும்பாலும் யுரேனியம் உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது, வயதைச் சொல்வதில்லை. ஊதா நிறத்தையோ, இக்காலத்தில் கதிர்வீச்சினால் செயற்கையாகவே ஏற்றிவிடுகிறார்கள். வெயில் தரும் மென்மை அதில் இராது, கடும் ஊதாவாக இருக்கும்.

காண்டலில் கடைசியாக, எனக்கு மிகவும் உவப்பான சாட்சி தேய்மானம். மேசைமேல் ஆயிரம் முறை வைத்து எடுத்த கிண்ணத்தின் அடியில், மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும், நாலாபுறமும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் படிந்து ஒரு மங்கல் வளையமாக நிற்கும். பழமையைப் பொய்யாக உண்டாக்குகிறவன் உப்புத்தாளால் தேய்க்கிறான். அவனுடைய கீறல்கள் ஒரே திசையில் ஒரே ஆழத்தில் ஓடும், மேசை தொடாத இடத்தையும் தொடும். மனிதர் புழங்கிய ஒழுங்கின்மையை ஒருவன் ஒரு மணி நேரத்தில் செய்துவிட முடியாது. ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல பகல் வெளிச்சமும் இருந்தால் யாவரும் இதைக் காணலாம்.

இனிக் கருதல். காலத்தை அடியும் கோடும் சொல்லலாம். பிரயோஜனத்தை வாயும் உட்புறமுமே சொல்லும். இந்த வாய்க்கு எதிரே வந்தது எது, உதடா, விரலா, கரண்டியா, தக்கையா, கண்ணா என்று கேட்பதுதான் ஊகத்தின் தலைவாசல். முட்டைக் கிண்ணம் என்றும் விளையாட்டுச் சாமான் என்றும் பலர் மயங்கும் ஒரு சிறு கிண்ணம் உண்டு: குட்டையான தண்டும் பாதமும் கொண்டது, வாய் மட்டும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, இருபுறம் உயர்ந்தும் இருபுறம் தாழ்ந்தும் அலைபோல் வளைந்திருக்கும். முட்டை அதில் நிற்காது. உதட்டுக்கும் அது இசையாது. கண்ணைச் சூழ்ந்த எலும்பின் விளிம்புக்கு மட்டுமே அது இசையும். மருந்து நீரை அதில் ஊற்றிக் கண்ணோடு பொருத்தித் தலையை நிமிர்த்திக் கண் கழுவிய கிண்ணம் அது. வாயின் வளைவு ஒன்றே விடை சொல்லிவிடுகிறது.

உப்புக் கிண்ணத்தின் விஷயம் வேறு. மூடியில்லாத, உள்ளங்கையில் அடங்கும், தடித்த கிண்ணங்கள் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் ஒருகாலத்தில் ஒவ்வொருவர் தட்டின் அருகிலும் இருந்தன. ஈரக்காற்றில் உப்புக் கட்டிப்பட்டுவிடுவதால், துளைவழியே கொட்டும் புட்டி அக்காலத்தில் நம்பத்தக்கதாக இல்லை. சிறு கரண்டியால் அள்ளிப் போடும் திறந்த கிண்ணமே உசிதமாயிருந்தது. 1911இல் அமெரிக்காவில் மார்ட்டன் நிறுவனத்தார் மக்னீசியம் கார்பனேட்டைக் கலந்து, மழைநாளிலும் கட்டிப்படாத உப்பைக் கொண்டுவந்ததும், திறந்த கிண்ணத்தின் ஆயுள் முடியத் தொடங்கியது. வெள்ளிச் சட்டத்துக்குள் பொருந்தியிருந்த நீலக் கண்ணாடிக் கிண்ணங்களை இப்போது தனியே எடுத்து மதுக் கிண்ணம் என்றும் மெழுகுவர்த்தித் தாங்கி என்றும் விற்கிறார்கள்; உப்பு வெள்ளியை அரித்துவிடும் என்பதால் வெள்ளியைக் காக்க நடுவே வைத்த கண்ணாடி அது. அதன் வாய் விளிம்பில் உதடு வைக்கும் இதம் இருக்காது; உட்புறத்தில் கரண்டி உரசிய மங்கல் இருக்கும்.

பாஸ்டனுக்குத் தெற்கே கேப் காட் நிலமுனையில், டெமிங் ஜார்வஸ் 1825இல் தொடங்கி 1888 வரை நடந்த சாண்ட்விச் கண்ணாடித் தொழிற்சாலை, மூன்று நான்கு அங்குல விட்டமே உள்ள சிறு தட்டுகளை ஏராளமாகச் செய்தது. பொம்மைத் தட்டு என்றோ வெண்ணெய்த் தட்டு என்றோ இன்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அக்காலத்து அமெரிக்கர்கள் சூடான தேநீரைக் கோப்பையிலிருந்து ஆழமான சாசரில் ஊற்றி ஆற்றிச் சாசரிலிருந்தே பருகினார்கள். அப்படிப் பருகுகையில், ஈரம் சொட்டும் கோப்பையை மேசை விரிப்பின்மேல் வைக்காமல் இருக்க ஏற்பட்டதே இந்தச் சிறு தட்டு. டபராவில் காப்பியை ஆற்றிக் குடிக்கும் நமக்கு இந்த உபயோகத்தை விளக்க வேண்டியதில்லை. சாசரில் ஊற்றிக் குடிப்பது நாகரிகக் குறைவு என்று கருதத் தொடங்கிய அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் அது விளங்காமற் போயிற்று. அச்சில் அழுத்தும்போது குளிர்ந்த உலோகம் பட்டுக் கண்ணாடியில் சுருக்கங்கள் விழும். அவற்றை மறைக்கவே அந்தத் தட்டுகளின் பின்னணி முழுதும் சரிகைபோல் நுண்புள்ளிகளை நிரப்பினார்கள். அந்த அலங்காரம் ஒரு குறையை மறைக்கப் பிறந்தது என்று தெரிந்தபின் அதன் அழகு எனக்குக் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இவ்வகையில் என் மனத்தை மிகவும் தொடுவன இரண்டு. ஒன்று, லண்டன் தெருக்களில் ஐஸ்கிரீம் விற்றவர்களின் காசுக் கிண்ணம். பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த அந்த வியாபாரிகள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், ஒரு பென்னிக்கு ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் விற்றார்கள். வாங்கியவர் அங்கேயே நின்று நாவால் நக்கித் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பார். கிண்ணத்தின் கண்ணாடி அளவுக்கு மீறித் தடித்திருக்கும். உள்ளே குழிவு சிறிதாக, ஆழமின்றி இருக்கும். அந்தத் தடிமனே உள்ளிருக்கும் பண்டத்தைப் பெருக்கிக் காட்டும். வெளி அளவுக்கும் உட்கொள்ளளவுக்கும் உள்ள இந்த வேற்றுமையே அதை அடையாளம் காட்டும் லட்சணம். விருந்துகளில் பலமுறை வாழ்த்துக் கூறிக் குடிக்க வேண்டியவன் நிலைதவறாமல் இருக்க 18ஆம் நூற்றாண்டில் செய்த கிண்ணத்துக்கும் இதே தடிமன் உண்டு. ஆனால் அது நீண்ட தண்டும் தெளிந்த ஈயக் கண்ணாடியும் கொண்ட உயர்குடிப் பொருள். தெருக் கிண்ணமோ குட்டையானது, கரடானது, குமிழிகள் நிறைந்தது. நன்றாகக் கழுவாமல் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குப் போனதால் காசநோய் பரவுகிறதென்று 1899இல் லண்டனில் அதைத் தடை செய்தார்கள். சில ஆண்டுகளில் தின்னக்கூடிய கூம்பு வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏழைக் குழந்தை ஒன்று வெயிற்காலத்தில் அடைந்த ஒரு கண இன்பமும், அந்த இன்பத்தின் அளவைக் குறைத்த வியாபாரத் தந்திரமும், அதன் வழியே வந்த வியாதியும் ஒருங்கே அந்தக் கையளவு கண்ணாடியில் உறைந்திருக்கின்றன.

மற்றொன்று விஷக் குப்பி. நீலமாகவோ பச்சையாகவோ, ஆறுபட்டையாக, உடல் முழுதும் வரிவரியாகப் புடைத்திருக்கும். 'உட்கொள்ளத் தக்கதன்று' என்ற ஆங்கில வாசகம் பலவற்றில் கண்ணாடியிலேயே எழுந்து நிற்கும். இங்கிலாந்தில் விஷப் பொருள்களின் விற்பனையை 1868ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் ஒழுங்குபடுத்திற்று. ஆனால் விளக்கணைத்த அறையில், தலைமாட்டில் வரிசையாக நிற்கும் புட்டிகளில் ஒன்றைத் தூக்கக் கலக்கத்தோடு தேடும் நோயாளியின் கைக்குச் சட்டம் தெரியாது. காகிதச் சீட்டை இருட்டில் படிக்க முடியாது. புடைத்த வரிகளை விரல் படிக்கும். அலங்காரம் என்று நாம் மயங்கும் அந்த வரிகள், முகம் அறியாத ஒருவன் உயிரைப் பற்றிக் கண்ணாடி செய்தவன் கொண்ட கவலையின் உருவம். கண்ணீர்க் குப்பியின் கற்பிதமான துயரத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். எது மனிதத் தன்மையில் உயர்ந்தது என்று சொல்ல அதிக நேரம் ஆகாது.

மூன்றாவது அளவையாகிய உரைக்கு வருவோம். எல்லா உரையும் பொய்க்கதையன்று. பரீட்சித்து எடுத்தால் அதைப்போல் துல்லியமான சாட்சி வேறில்லை. இங்கிலாந்தில் 1842 முதல் 1883 வரை, புதிய உருமாதிரிகளைப் பதிவு செய்தவர்கள் ஒரு சாய்சதுர முத்திரையைப் பொருளிலேயே பதித்தார்கள். உச்சியில் உள்ள வட்டத்துக்குள் ரோமன் எண் மூன்று இருந்தால் அது கண்ணாடி வகுப்பு. மூலைகளில் உள்ள எழுத்துக்களும் எண்களும் பதிவான ஆண்டு, மாதம், நாள், கட்டு எண் ஆகியவற்றைக் குறிக்கும். 1867 வரை ஆண்டெழுத்து மேல் மூலையில் நின்றது. 1868 முதல் வலமூலைக்கு மாறிற்று. 1884 தொடங்கி இந்த முத்திரை ஒழிந்து வெறும் தொடர் எண் வந்தது. இதைப் படிக்கக் கற்றவன் ஓர் உப்புக் கிண்ணத்தின் மாதிரி பதிவான நாளையே சொல்லிவிடுவான். ஆயினும் அது மாதிரி பதிவான நாளேயன்றி அந்தக் கிண்ணம் உலையிலிருந்து வெளிவந்த நாள் அன்று. நன்றாக விற்ற மாதிரியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிட்டார்கள்.

அரசாங்கங்களின் வரிச் சட்டங்களும் மறைமுகமான உரையே. 1745இல் பிரிட்டன் கண்ணாடிக்கு எடையின்படி கலால் வரி விதித்தது, 1777இல் அதை உயர்த்தியது, 1845இல்தான் நீக்கியது. நூறாண்டுக் காலம் கனமான கண்ணாடி செய்வது செலவு மிகுந்த காரியமாயிற்று; பாதத்தின் விளிம்பை அடியில் மடித்துக் கனமாக்கும் பழைய வழக்கமும் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அருகிப்போயிற்று. அந்த வரியில்லாத அயர்லாந்தில் 1783இல் வாட்டர்ஃபோர்டு தொழிற்சாலை எழுந்து, ஆழமாக வெட்டிய கனத்த கண்ணாடிக்குப் பேர் பெற்றது. அவ்வாறே, இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதித்தபின், நாட்டுப் பெயர் பொறித்த கண்ணாடிகள் தோன்றின. ஒரு குப்பியில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஆண்டுக்குப் பிந்தியது. பெயர் இல்லை என்பதனால் மட்டும் முந்தியது என்று சொல்ல முடியாது. காகிதச் சீட்டில் ஒட்டிய பெயர் முதல் கழுவலிலேயே போயிருக்கும்.

எழுத்தைவிடச் சிறந்த உரை ஒன்று உண்டு. அது இன்னும் வழக்கொழியாத புழக்கம். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற சோடாப் புட்டி, கழுத்துக்குள் ஒரு கோலியை அடைத்து, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலேயே அந்தக் கோலி மேலெழுந்து வாயை மூடும்படி அமைந்தது. அவருடைய நாட்டில் அது எப்போதோ வழக்கொழிந்தது. கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்தவை போக, குப்பைமேடுகளைத் தோண்டி எடுத்தவற்றை இன்று சேகரிப்பாளர்கள் அலமாரியில் வைக்கிறார்கள். அந்தக் கழுத்தின் இருபுறத்துக் குழிவுகள் எதற்கென்று அங்கே புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ஒருமுறை கோலி சோடா குடித்தவன், சாய்க்கும்போது கோலி உருண்டு வாயை அடைக்காமல் அந்தக் குழிவு பிடித்துக்கொள்வதைக் கண்ணாரக் கண்டிருப்பான். புழக்கம் உயிரோடு இருக்கும் இடத்தில் பிரயோஜனத்தைப் பற்றிச் சந்தேகமே எழுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் உருவத்தை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது; நூறாண்டுக்கு முந்திய கோலி சோடாப் புட்டியும் சென்ற ஆண்டுப் புட்டியும் ஒரே உருவம்தான்.

மூன்று அளவைகளும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது என்ன செய்வது? அடியில் வடு இருக்கிறது, ஆகவே பழையது என்று ஒருவர் சொல்லுவார். இன்றும் கையால் ஊதிச் செய்யும் கலைஞர்கள் அந்த வடுவை விட்டுத்தான் வேலை செய்கிறார்கள். சாண்ட்விச் தட்டுகளின் மாதிரிகளை 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் அச்சிட்டிருக்கிறார்கள். இத்தகைய நிலையில் கைக்கொள்ள வேண்டிய நியாயம் ஒன்றே: பொருளின் லட்சணங்களில் பழமையானது எதுவோ அதைக் கொண்டு வயதைத் தீர்மானிக்கலாகாது, மிகப் பிந்தியது எதுவோ அதைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். பழையதைப் பிற்காலத்தவன் பின்பற்றிச் செய்யலாம். பிற்காலத்ததை முற்காலத்தவன் அறிந்திருக்க வழியில்லை. வடு 18ஆம் நூற்றாண்டைச் சொல்லி, கோடு விளிம்புவரை ஏறியிருந்தால், கோட்டின் வார்த்தையே வெல்லும். இந்த ஒரு நியாயத்தைக் கடைப்பிடித்திருந்தால் மேல்நாட்டு அங்காடிகளில் நடந்த ஏமாற்றுக்களில் பெரும்பகுதி நடந்திராது.

விலைக்காக மட்டும் இவ்வளவு சிரமம் என்றால் நான் இதை எழுத முற்பட்டிருக்க மாட்டேன். மன்னர்களின் முடியும் வாளும் யாரிடம் இருந்தாலும் அழியாமல் காக்கப்படும். அவற்றின் உபயோகத்தை யாரும் மறக்கப் போவதில்லை. நோயாளியின் இருட்டறையும், தெருவில் நின்ற குழந்தையின் நாவும், மேசை விரிப்பில் கறை படாமல் இருக்க வேண்டும் என்று அக்கறைப்பட்ட இல்லத்தரசியும் சரித்திரத்தில் இடம்பெறுவது இத்தகைய அற்பப் பொருள்களின் வாயிலாக மட்டுமே. அவற்றுக்குப் பொய்யான கதையைப் பூட்டுகிறவர்கள் ஒரு பொருளின் விலையைக் கூட்டுகிறார்கள். ஆனால் அதைப் புழங்கிய மனிதர்களை இரண்டாம் முறை மறையச் செய்கிறார்கள்.

நம் வீடுகளிலும் இந்த மறைவு தொடங்கியாயிற்று. கம்பவுண்டர் மிக்சர் ஊற்றிக் கொடுத்த புட்டியின் பக்கத்தில், பல்பல்லாகக் கத்தரித்து ஒட்டிய காகிதப் பட்டை ஒவ்வொரு வேளையின் அளவையும் காட்டியது என்பதை, அந்தப் பட்டையுள்ள புட்டியைப் பார்த்திராத இளைஞருக்கு இன்று சொல்லித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. அத்தர்க் குப்பி, அவுன்ஸ் கிளாஸ், மைப் புட்டி இவையெல்லாம் பரண்மேல் பெயரிழந்து கிடக்கின்றன. ஆகையால் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது: பழைய சிறு குப்பி ஏதேனும் கைக்கு வந்தால், உடனே கழுவிவிடாதீர்கள், அடியில் காய்ந்திருக்கும் மருந்தும் மையும் தைலமும் அதன் சொந்த வாக்குமூலம். வீட்டில் மூத்தவர் இருந்தால் இது எதற்குப் பயன்பட்டது, யார் புழங்கினார்கள், எந்த ஊரில் வாங்கியது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு துண்டுச் சீட்டில், தேதியிட்டு, சொன்னவர் பெயரோடு எழுதி அந்தக் குப்பியுடனேயே வைத்துவிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.